கண்டு, கண்டும்

பிப்ரவரி. ஸ்பிஷ் மலைச்சரிவில் ஒரு சிறுநகரம்.
ஆவணக் காப்பகத்தில் ஒற்றைக் கணப்பு.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிப் போட்டுக்கொண்டு
த்ரஹொமீரா புரட்டுகிறாள்
நகரமன்றத்தின் பழைய குற்றப்பதிவேட்டை.

வேண்டியது ஒரே வாக்கியம்.
மணிக்கூண்டுச் சுவரில் பித்தளைப் பலகை வரப்போகிறது.
ஸ்லோவாக் மொழியில், தொண்ணூறு எழுத்துக்குள்,
வெள்ளிக்கிழமைக்கு முன்.

லத்தீன் மூலம் அதைவிடச் சிறியது:
கும் இக்னெம் விதிஸ்ஸெத், கம்பானம் நோன் புல்ஸாவித்.

இக்னெம், தீயை. கம்பானம், மணியை.
நோன் புல்ஸாவித், அடிக்கவில்லை.
அடிக்காதவன் மாத்தேயுஸ் ரிப்கா, மணிக்காரன்.
1674, ஆகஸ்ட் மாதத்து இரவு,
பதினோரு வீடும் ஒரு மாட்டுக்கொட்டிலும் சாம்பல்.
இதுவரை சிக்கலில்லை.
சிக்கல் முதல் சொல்லில் குந்தியிருக்கிறது.

கும்.

தீயைக் கண்டபோது மணியை அடிக்கவில்லை.
தீயைக் கண்டதால் மணியை அடிக்கவில்லை.
தீயைக் கண்டபோதிலும் மணியை அடிக்கவில்லை.

முதலாவதில் அவன் வெறுமனே அங்கே இருந்தான்.
இரண்டாவதில் படியிறங்கி ஓடினான், எவரையோ தூக்கிவர.
மூன்றாவதில்
அவனைத் தூக்கிலிடலாம்.

வினையைப் பார் என்பது பாடம்.
நிமிர்ந்து நின்றால் அது காலம் மட்டும்.
இங்கே விதிஸ்ஸெத் சற்றே சாய்ந்திருக்கிறது,
சாட்சிக்கூண்டின் கம்பியைப் பற்றியவன்போல.
எந்தப் பக்கம் சாய்வு என்று இலக்கணம் சொல்லாது.
பக்கத்து வாக்கியத்தைக் கேள் என்று கைகாட்டும்.

தாமென் இருக்கிறதா? 'ஆயினும்' என்னும் சொல்.
இருந்தால் முடிந்தது கதை, குற்றம்.
பூதக்கண்ணாடியை வரிவரியாக நகர்த்தினாள்.
இல்லை.
எழுதியவன் மறந்தானா,
அவனுக்கே தெரியவில்லையா,
மை தீர்ந்துகொண்டிருந்ததா.
தீர்ப்பு இருந்த தாளையே காணோம்.

செலவுக் கணக்கை எடுத்தாள், அதே ஆண்டு.
மெழுகு. ஆணி. பாதிரியாரின் குதிரைக்கு ஓட்ஸ்.
கயிறு, புதியது, பன்னிரண்டு தெனார்.
தேதி, தீக்கு ஆறு நாள் கழித்து.
அப்படியானால் அன்றிரவு மணியில் கயிறே இல்லையோ?
இல்லை, கயிறும் எரிந்து போயிற்றோ?
எழுந்தாள். உட்கார்ந்தாள்.
எதற்கான கயிறு என்று கணக்கு சொல்லவில்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.
அந்த நினைப்பை மேலே போகவிடாமல்
பதிவேட்டை மூடினாள்.

மன்றத்தின் சுற்றுலாப் பிரிவிலிருந்து வ்ரத்திஸ்லவ்,
தொலைபேசியில், எதையோ மென்றபடி:
"ஹோத்ஸி போட்டுவிடுங்கள், அம்மா. 'இருந்தும்.'
வருகிறவர்களுக்குக் கதை வேண்டும்."

நான் இதை எழுதும் மொழியில் அவள் பிறந்திருந்தால்
'தீயைக் கண்டு மணியை அடிக்கவில்லை' என்று எழுதிவிட்டு
தேநீர் போடப் போயிருப்பாள்.
கண்டு என்னும் எச்சம்
எந்த நீதிபதிக்கும் வாக்குமூலம் தராது.
ஓர் உம் சேர்ந்தால் போதும்,
கண்டும்,
சுருக்கு விழுந்துவிடும்.
கும் என்பதில் தலைமெய்யை நீக்கினால்
மிஞ்சுவதும் அந்த உம்தான்.
தற்செயல். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

அவளிடமும் ஒன்று இருந்தது, உவித்யாத்ஸ்.
சந்தையில் யாரும் பேசாத பழைய எச்சம்,
பிரசங்கத்தில் எப்போதாவது தலைகாட்டும்.
கண்டு. அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் வாய்திறக்காது.
எழுதி அனுப்பினாள்.
தொண்ணூறில் பாதிகூட ஆகவில்லை.

மீண்டும் வ்ரத்திஸ்லவ்:
"இப்படி யார் பேசுகிறார்கள்?
சுருக்கமாகச் சொல்லுங்கள், அவன் குற்றவாளியா, இல்லையா?"

"நடுவில் ஒரு கமா வைத்திருக்கிறேன்" என்றாள்.
"அதைமட்டும் எடுத்துவிடாதீர்கள்."

வெளியே இருட்டிவிட்டது.
கூண்டில் இப்போது கயிறில்லை, மின்விசை.
தீயோ பனியோ எதையும் காணாமலே அடிக்கிறது.
ஆறு அடித்தது.
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள்
ஐந்துதான் எண்ணினாள்.